வெளியே வைத்த குளிரூட்டி காணாமற் போனால்...



வெளிநாட்டில் குடியேறி அங்கேயே வீடு வாங்கும் உறவினர் உள்ள குடும்பங்கள் இன்று நம்மிடையே பல. வாங்கும் முன் மகனோ மருமகனோ வீட்டின் படங்களை அனுப்பி வைப்பார். குசினி விசாலமா, அறைகள் எத்தனை, பாடசாலை எவ்வளவு தூரம் என்றெல்லாம் நாம் விசாரிப்போம். வீட்டின் பக்கச் சுவரோரம் மூன்றடிச் சதுரத்தில் வெறுமையாகக் கிடக்கும் கொங்கிரீட் மேடையைப் பற்றி எவரும் கேட்பதில்லை. குப்பைவாளி வைக்கும் இடமாக்கும் என்று நினைத்துக் கொள்வோம்.

ஆனால் அந்த வீடு அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் போன்ற நகரொன்றில் இருக்குமானால், முதலில் கேட்க வேண்டியதே அந்த வெற்று மேடையைப் பற்றித்தான். முழு வீட்டையும் குளிரவைக்கும் மத்திய குளிரூட்டியின் வெளிப்பெட்டி அங்கே இருந்திருக்க வேண்டும். அது இல்லையென்றால் வீட்டின் குளிரூட்டியில் பாதி போய்விட்டது என்று பொருள். போன பாதியை மீண்டும் அமைப்பது எப்படி, எங்கெங்கே ஏமாறாமல் இருக்க வேண்டும் என்பதையே இம்மாதம் நோக்கப் போகிறோம்.

ஆடம்பரமல்ல, உயிர்க்காவல்

குளிரூட்டி என்றதும் அது வசதியுள்ளவர்களின் ஆடம்பரம் என்ற எண்ணம் நம்மிற் பலருக்கு உண்டு. கடற்காற்றும் மழையும் உள்ள நாட்டில் வாழ்பவர்கள் அப்படி நினைப்பதில் வியப்பில்லை. பீனிக்ஸ் நகரமோ பாலைவனத்தின் நடுவே எழுந்தது. 2023 ஆம் ஆண்டு ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை, தொடர்ந்து 31 நாட்கள் அங்கு பகல் வெப்பம் 110 பாகை பரனைற்றுக்கு, அதாவது 43 பாகை செல்சியஸுக்கு மேல் இருந்தது. அந்நகரை உள்ளடக்கிய மரிக்கோப்பா மாவட்டத்தில் அந்த ஓராண்டில் மட்டும் வெப்பத்தோடு தொடர்புபட்ட 645 மரணங்கள் பதிவாகின.

இதில் நெஞ்சைத் தொடும் செய்தி ஒன்றுண்டு. வீட்டுக்குள்ளேயே வெப்பத்தால் இறந்தவர்களில் பெரும்பாலானோரின் வீடுகளில் குளிரூட்டி இருக்கத்தான் செய்தது. ஆனால் அது இயங்கவில்லை. ஆகவே, வயது சென்ற உம்மாவோ கைக்குழந்தையோ உள்ள ஒரு வீட்டில் வெளிப்பெட்டி காணாமற் போவது, தொலைக்காட்சிப் பெட்டி களவு போவது போன்றதல்ல. அங்கே அது கூரை பறந்து போனதற்குச் சமம்.

மேடை ஏன் வெறுமையாகிறது?

வெளிப்பெட்டியைத் திருடுபவன் அதைத் தன் வீட்டிற் பொருத்திக் குளிர்காய்வதற்காகத் திருடுவது அரிது. அவனுக்கு வேண்டியது அதனுள் இருக்கும் செம்பு. வெளிப்பெட்டியின் சுருள்களில் செப்புக் குழாய்கள் அடுக்கடுக்காக ஓடுகின்றன. கொம்பிரஷருக்குள்ளும் செப்புக் கம்பி சுற்றப்பட்டிருக்கிறது.

2003 ஆம் ஆண்டில் உலகச் சந்தையில் ஒரு இறாத்தல் செம்பு ஒரு டொலருக்கும் குறைவாக விற்றது. 2006 இல் அது நான்கு டொலரை எட்டியது. அதனைத் தொடர்ந்து 2007 முதல் அமெரிக்காவில் வீட்டுக் கடன் நெருக்கடி ஏற்பட்டது. கடன் கட்ட முடியாத குடும்பங்கள் வெளியேற, வங்கிகள் கையகப்படுத்திய வீடுகள் தெருத்தெருவாக ஆளில்லாமற் கிடந்தன. அரிசோனாவும் புளோரிடாவும் நெவாடாவும் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாநிலங்களுட் சில. செம்புக்கு விலை, வீட்டுக்கு ஆளில்லை. இவை இரண்டும் சேர்ந்தபோது வெளிப்பெட்டிகள் வரிசையாக மறைந்தன. நெருக்கடி தணிந்த பின்னும் செம்பின் விலை தணியவில்லை. 2024 மே மாதம் அது இறாத்தலுக்கு ஐந்து டொலரையும் தாண்டியது. எனவே இக்களவும் ஓய்ந்தபாடில்லை.

குழாய்கள் இரண்டை வெட்டி, மின்கம்பியை அறுத்து, பெட்டியை வண்டியில் ஏற்றுவதற்குச் சில நிமிடங்களே போதும். அதைப் பழைய உலோகக் கடையிற் போட்டால் திருடனுக்குக் கிடைப்பது சில பத்து டொலர்கள், மிஞ்சிப்போனால் நூறு டொலரளவு. வீட்டுக்காரருக்கு ஏற்படும் செலவோ பல ஆயிரம் டொலர்கள். அது ஏன் இவ்வளவு பெரிய தொகையாகிறது? பெட்டி விலை கூடியது என்பது பாதி விடைதான். மீதி விடையை அறிய, குளிரூட்டி வேலை செய்யும் முறையைச் சற்று விளங்கிக் கொள்ள வேண்டும்.

இரண்டு பெட்டி, ஒரே ஓட்டம்

நம் நாட்டில் அறைச் சுவரில் மாட்டும் ஏ.சி.யை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அறைக்குள் ஒரு பெட்டி, வெளிச்சுவரில் ஒரு பெட்டி, இரண்டையும் இணைக்க இரு செப்புக் குழாய்கள். அமெரிக்க வீடுகளிலுள்ள மத்திய குளிரூட்டியும் அதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. வேறுபாடு என்னவென்றால், உட்பெட்டி ஒன்றே முழு வீட்டுக்கும் பொது. அது கூரைக்கும் சீலிங்குக்கும் இடையிலோ கராஜிலோ ஓர் அலுமாரிக்குள்ளோ மறைந்திருக்கும். அங்கு குளிர்ந்த காற்று தகட்டுக் குழல்கள் வழியே ஒவ்வோர் அறைக்கும் செல்கிறது.

உட்பெட்டியிலுள்ள சுருளுக்குள் குளிரூட்டும் வாயு, அதாவது நாம் 'கேஸ்' என்று சொல்வது, திரவமாக வந்து ஆவியாகிறது. ஆவியாகும்போது வீட்டுக் காற்றின் வெப்பத்தை உறிஞ்சிக் கொள்கிறது. அந்த ஆவி தடித்த குழாய் வழியே வெளிப்பெட்டிக்குச் செல்கிறது. கொம்பிரஷர் அதை அமுக்குகிறது. வெளிச்சுருளில் விசிறி வீச, வெப்பத்தை வெளியே விட்டு மீண்டும் திரவமாகி, மெல்லிய குழாய் வழியே உள்ளே திரும்புகிறது. குளிரூட்டி குளிரை உண்டாக்குவதில்லை. வீட்டிலுள்ள வெப்பத்தைச் சுமந்து சென்று வெளியே கொட்டுகிறது என்பதே சரி.

இந்த ஓட்டம் முழுமையாக மூடப்பட்டது. வெளிக்காற்றோ ஈரமோ தூசியோ அதனுட் செல்லக் கூடாது. திருடன் குழாயை வெட்டிய கணமே வாயு முழுவதும் வெளியேறி விடுகிறது. பின்னர் அதே வாய் வழியே காற்றும் ஈரமும் உள்ளே நுழைகின்றன. ஆகவே போனது வெளிப்பெட்டி மட்டுமே என்று எண்ணுவது தவறு. உள்ளே மிஞ்சியிருப்பதும் பழைய நிலையில் இல்லை.

வாசகர்களே, இந்த விடயத்தில் மனதிற் பதிக்க வேண்டியது இதுவே: காணாமற் போன பெட்டிக்குப் பதிற் பெட்டி தேடுமுன், மிஞ்சியிருக்கும் பாதியை விசாரியுங்கள். அது என்ன வகை, என்ன வயது, என்ன நிலை என்பதைப் பொறுத்தே வெளியே என்ன வைக்கலாம் என்பது முடிவாகும்.

முதல் நாள் செய்ய வேண்டியவை

முதலாவது, மின்சாரம். அறுந்த கம்பிகளில் மின் ஓடிக்கொண்டிருக்கலாம். மின்பலகையில் குளிரூட்டிக்குரிய பிரேக்கரை நிறுத்துங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். வெப்பநிலைச் சுவிட்சையும் அணைத்து விடுங்கள்.

இரண்டாவது, பொலிஸ் முறைப்பாடு. பெட்டி திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் அல்ல. காப்புறுதிக் கம்பனி முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்கும் என்பதற்காக. ஒன்றைக் கவனத்திற் கொள்ளுங்கள். 30 அல்லது 60 நாட்களுக்கு மேல் ஆளில்லாமற் கிடந்த வீட்டுக்கு இத்தகைய இழப்பை ஈடு செய்ய மாட்டோம் என்ற நிபந்தனை பல காப்புறுதி ஒப்பந்தங்களில் இருக்கிறது. சாவி கையில் வந்து இரண்டு மாதங்கள் கழித்துக் குடிபுக நினைப்பவர்கள் முன்கூட்டியே கம்பனிக்கு அறிவிப்பது நல்லது.

மூன்றாவது, வெட்டப்பட்ட குழாய்களின் வாயை உடனே மூடச் செய்யுங்கள். தொழில் தெரிந்தவர் வரும் வரை, ஈரம் புகாதபடி இறுக்கமாகச் சுற்றி ஒட்டி வைப்பதும் உதவும். ஒவ்வொரு நாளும் உள்ளே போகும் ஈரம் பிறகு செலவாக வெளியே வரும்.

நான்காவது, இடைக்காலக் குளிர். யன்னலிற் பொருத்தும் சிறிய குளிரூட்டி ஒன்றை வாங்கி, ஓர் அறையை மட்டுமாவது குளிராக வைத்து, முதியவர்களையும் குழந்தைகளையும் அங்கே தங்க வையுங்கள். அரிசோனாவின் வரண்ட காற்றில், ஈரப் பாய்களினூடே காற்றை இழுத்துக் குளிரவைக்கும் இயந்திரமும் ஓரளவு பயன்படும். மழைக்காலக் காற்று வீசும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அதன் பலன் குறைந்துவிடும். வெறும் மின்விசிறியை நம்பியிருப்பது ஆபத்து. அறைக்காற்று உடலை விடச் சூடாகும்போது விசிறி வீசுவது வெப்பத்தையே. இரவிலும் வீடு தணியாவிட்டால் உறவினர் வீட்டுக்கோ பொதுக் குளிர் நிலையங்களுக்கோ போய்விடுவதுதான் அறிவுடைமை.

வாடகைக்கு இருப்பவராயின், இவை யாவும் உங்கள் செலவு என்று எண்ணிவிட வேண்டாம். பீனிக்ஸ் மாநகரின் சட்டப்படி, குளிரூட்டி உள்ள வாடகை வீட்டை 82 பாகை பரனைற்றுக்கு (சுமார் 28 பாகை செல்சியஸ்) மேற்படாமல் வைத்திருக்க வசதி செய்து கொடுப்பது வீட்டுச் சொந்தக்காரரின் கடமை. வாயாற் சொன்னால் போதாது. எழுத்தில் அறிவித்து, பிரதியொன்றை வைத்துக் கொள்ளுங்கள்.

தடயங்களைத் திரட்டுங்கள்

வெளிப்பெட்டி போனாலும் அது விட்டுச் சென்ற அடையாளங்கள் பல உண்டு. வீடு வாங்கப் போகிறவர் இவற்றை ஒவ்வொன்றாகப் படம் பிடித்து வைத்தால், பின்னர் எந்த ஒப்பந்தக்காரரிடமும் தெளிவாகப் பேசலாம்.

உட்பெட்டியின் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கும் தகட்டைப் பாருங்கள். உற்பத்தி ஆண்டு, வாயுவின் வகை, மாதிரி இலக்கம் ஆகியவை அதில் இருக்கும். மாதிரி இலக்கத்தின் நடுவே பெரும்பாலும் 24, 30, 36, 42, 48, 60 என்ற எண்களுள் ஒன்று ஒளிந்திருக்கும். அது மணிக்கு எத்தனை ஆயிரம் பி.டி.யூ. வெப்பத்தை அகற்றும் என்பதைக் குறிப்பது. 12 ஆயிரம் பி.டி.யூ. ஒரு 'டன்' எனப்படும். எனவே 36 என்றால் மூன்று டன்.

இந்த 'டன்' என்ற சொல்லைக் கேட்டு, பெட்டியின் நிறை என்று மயங்காதீர்கள். பனிக்கட்டியாற் குளிர்வித்த காலத்தின் மிச்சம் அது. 2,000 இறாத்தல் பனிக்கட்டி 24 மணித்தியாலத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அதுவே ஒரு டன் குளிரூட்டல்.

அடுத்து, மின்பலகையிலுள்ள பிரேக்கர் எத்தனை அம்பியர் என்று குறித்துக் கொள்ளுங்கள். இரு செப்புக் குழாய்களின் விட்டத்தையும் அளக்கச் செய்யுங்கள். சுவரிலுள்ள வெப்பநிலைச் சுவிட்சின் கம்பிகளையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். ஏனெனில் அரிசோனாவில் பல வீடுகளில் இருப்பது கோடையிற் குளிரவும் மாரியில் வெப்பமேற்றவும் கூடிய இருவழிப் பெட்டி. அது காணாமற் போயிருந்தால் வீட்டின் வெப்பமூட்டியும் சேர்ந்து போயிற்று. அதன் இடத்தில் குளிரூட்ட மட்டுமே தெரிந்த பெட்டியை வைத்துவிட்டால், டிசம்பர் இரவுகளில்தான் தவறு தெரியவரும்.

எந்த வாயு?

இங்கேதான் பலர் இடறுகிறார்கள். உள்ளேயிருக்கும் சுருள் எந்த வாயுவுக்காகச் செய்யப்பட்டது என்பதே முதற் கேள்வி.

2010 க்கு முன் பொருத்தப்பட்டவற்றில் பெரும்பாலும் ஆர்-22 என்னும் வாயு இருந்தது. அது ஓசோன் படலத்தை அரிக்கும் இனத்தைச் சேர்ந்தது. 1987 இல் கையொப்பமான மொன்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் (இலங்கையும் இதில் 1989 இல் இணைந்தது) அது படிப்படியாக ஒழிக்கப்பட்டது. அமெரிக்காவில் 2010 முதல் புதிய குளிரூட்டிகளுக்கு அது தடை செய்யப்பட்டது. 2020 முதல் அதன் உற்பத்தியும் இறக்குமதியும் நின்றன. இன்று கிடைப்பது பழைய பெட்டிகளிலிருந்து மீட்டுச் சுத்திகரித்ததும் கையிருப்பில் மிஞ்சியதுமே. அதனால் விலை அதிகம்.

அதன் இடத்துக்கு வந்தது ஆர்-410ஏ. இது ஓசோனைப் பாதிப்பதில்லை. ஆனால் ஆர்-22 ஐ விட ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கும் அதிகமான அமுக்கத்தில் இயங்குவது. இதற்குரிய எண்ணெயும் வேறு. பூமியை வெப்பமாக்கும் தன்மையும் இதற்குண்டு. காபனீரொட்சைட்டுடன் ஒப்பிட்டு அளக்கும் அளவுகோலில் இதன் எண் 2,088. எனவே 2025 ஜனவரி முதல், வீட்டுக் குளிரூட்டி முறைமைகளில் இந்த எண் 700 க்கு மேற்படாத வாயுக்களையே பயன்படுத்த வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது. புதிய பெட்டிகளில் இப்போது வருபவை ஆர்-454பி (எண் 466), ஆர்-32 (எண் 675) ஆகியன. இவை சிறிதளவு தீப்பற்றும் தன்மை உடையவை. அதற்கேற்ற பாதுகாப்பு ஏற்பாடுகளுடனேயே இவற்றின் உட்பெட்டிகள் அமைக்கப்படுகின்றன.

இதன் பலாபலன் என்ன? உள்ளே இருப்பது ஆர்-22 சுருளாக இருந்தால், அதற்குப் பொருந்தும் பழைய வெளிப்பெட்டியைத் தேடி அலைய வேண்டாம். இரண்டு பாதியையும் சேர்த்து மாற்றுவதே முடிவில் சிக்கனம். உள்ளே இருப்பது ஆர்-410ஏ ஆக, அதுவும் ஐந்தாறு வயதுக்குட்பட்டதாக இருந்தால், அதே வாயுவுக்குரிய பொருத்தமான வெளிப்பெட்டி கிடைக்குமா என்று விசாரிப்பதில் அர்த்தமுண்டு. பழைய 410ஏ சுருளுக்குப் புதிய 454பி வெளிப்பெட்டியைப் பொருத்தித் தருகிறேன் என்று எவராவது சொன்னால், நன்றி சொல்லி அனுப்பி விடுங்கள்.

பாவித்த வெளிப்பெட்டியைத் தெருவோர விளம்பரம் பார்த்து மலிவாக வாங்குவதிலும் அவதானம் தேவை. எங்கிருந்து கழற்றியது என்பதற்குப் பற்றுச்சீட்டு இல்லையென்றால், அது இன்னொரு குடும்பத்தின் வெற்று மேடையிலிருந்து வந்ததாக இருக்கலாம். களவு போனவரே களவுப் பொருளுக்கு வாடிக்கையாளராவது எந்த வகையிலும் தகாது.

பெரியது வாங்கினால் நல்லதா?

"போனது மூன்று டன். வெயிலோ கடுமை. நாலு டன் போட்டு விடுவோம்" என்று சொல்லும் விற்பனையாளர்கள் எங்கும் உண்டு. பெரிய பெட்டி வேகமாகக் குளிரவைத்து உடனே நிற்கும். மீண்டும் கிளம்பும், மீண்டும் நிற்கும். இப்படி அடிக்கடி நின்று கிளம்புவது கொம்பிரஷரின் ஆயுளைக் குறைக்கும். தூர அறைகளுக்குக் குளிர் போய்ச் சேருமுன்பே நின்றுவிடும். அத்துடன் ஒவ்வொரு டன்னுக்கும் நிமிடத்திற்குச் சுமார் 400 கன அடி காற்று சுருளினூடே ஓட வேண்டும். மூன்று டன்னுக்கு அமைத்த தகட்டுக் குழல்களில் நாலு டன்னுக்குரிய காற்றை எப்படி அனுப்புவது?

வீட்டின் பரப்பு, யன்னல்களின் திசை, கூரையின் வெப்பத்தடை, குடியிருப்போர் தொகை என்பவற்றைக் கணக்கிட்டே டன் அளவை முடிவு செய்ய வேண்டும். இக்கணிப்பை அங்கே 'மேனுவல் ஜே' என்பார்கள். அதைச் செய்து எழுத்தில் தரும்படி கேளுங்கள். வீட்டைச் சுற்றிப் பாராமலே டன் அளவைச் சொல்பவரை விட்டு விலகுங்கள்.

தகட்டுக் குழல்களையும் இத்தருணத்திலேயே சோதிக்க வேண்டும். சாதாரண அமெரிக்க வீடொன்றில், குழல்களில் ஓடும் காற்றில் 20 முதல் 30 வீதம் வரை இடுக்குகள் வழியே வீணாகிறது என அந்நாட்டு எரிசக்தித் திட்டங்கள் கூறுகின்றன. பீனிக்ஸ் கோடையில் கூரைக்கடியில் வெப்பம் 60 பாகை செல்சியஸை எட்டும். அந்தச் சூளைக்குள் குளிர்ந்த காற்றைச் சிந்துவது ஓட்டைக் குடத்தில் நீரள்ளுவது போன்றது.

மின்சாரச் செலவும் கவனத்திற்குரியது. 2023 முதல் அரிசோனா உட்பட்ட தென்மேற்கு மாநிலங்களில், 45 ஆயிரம் பி.டி.யூ.வுக்குக் குறைந்த புதிய குளிரூட்டியின் வினைத்திறன் எண் எஸ்.ஈ.ஈ.ஆர்.2 என்னும் அளவில் குறைந்தது 14.3 ஆக இருக்க வேண்டும். ஆனால் இந்த எண் வெளிப்பெட்டிக்கு மட்டும் உரியதல்ல. வெளிப்பெட்டியும் உட்சுருளும் சோடியாகச் சோதிக்கப்பட்டுப் பெறும் எண் அது. சோடிப் பொருத்தத்திற்கு ஏ.எச்.ஆர்.ஐ. என்ற நிறுவனம் வழங்கும் சான்றிதழ் இலக்கம் ஒன்றுண்டு. விலைமனுவிலேயே அதைக் குறிப்பிடும்படி வற்புறுத்துங்கள்.

வேலை நடக்கும்போது

அரிசோனாவில் ஒப்பந்தக்காரர்களைப் பதிவு செய்யும் அரச அலுவலகம் ஒன்றிருக்கிறது. அனுமதி இலக்கத்தைக் கொடுத்தால் அவர் பதிவு பெற்றவர்தானா என எவரும் சரிபார்க்கலாம். வாயுவைக் கையாளும் தொழிலாளிக்கு 1994 முதல் மத்திய அரசின் சான்றிதழ் கட்டாயம். இரண்டையும் கேளுங்கள். கேட்பது அவமரியாதை அல்ல. குறைந்தது மூவரிடம் விலைமனு பெறுங்கள்.

நல்ல வேலைக்காரரின் கையில் சில ஒழுங்குகள் தவறாமல் இருக்கும். திறந்து கிடந்த செப்புக் குழாய்களை அவர் மாற்றுவார். சுவருக்குள் புதைந்திருப்பதால் மாற்ற முடியாவிட்டால், உட்புறத்தை முறையாகக் கழுவுவார். குழாயை நெருப்பில் ஒட்டும்போது உள்ளே நைதரசன் வாயுவை மெல்ல ஓடவிடுவார். இல்லாவிட்டால் உட்சுவரில் கரிய படிவு உண்டாகி, பின்னர் உதிர்ந்து நுண்துளைகளை அடைக்கும். ஈரத்தையும் தூசியையும் பிடிக்கும் வடிகட்டியைப் புதிதாக வைப்பார். நைதரசனை அமுக்கி நிரப்பிக் கசிவு பார்ப்பார். அதன் பின்னர் வெற்றிடப் பம்பியால் உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுப்பார். கருவியில் 500 மைக்ரோனுக்குக் கீழே இறங்கி, பம்பியை நிறுத்திய பின்னும் அங்கேயே நிலைத்து நின்றாற்றான் உலர்ந்ததாகக் கொள்ளலாம். கடைசியில் வாயுவைத் தராசில் நிறுத்து நிரப்புவார்.

"பெட்டியை வைத்து, கேஸ் அடித்து, இரண்டு மணித்தியாலத்தில் முடித்து விடுகிறேன்" என்பவர் இவற்றிற் பலவற்றை விட்டுவிடப் போகிறார். ஈரம் உள்ளே தங்கினால் அது எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி, கொம்பிரஷரை உள்ளிருந்தே தின்னும். முதற் கோடையில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். இரண்டாவது அல்லது மூன்றாவது கோடையில்தான் வினை தெரியும். அதற்குள் அவர் எங்கேயோ!

மாநகர அனுமதிப்பத்திரம் பெற்று, வேலை முடிந்ததும் பரிசோதகர் வந்து பார்ப்பதும் முக்கியம். அனுமதி எடுக்காவிட்டால் மலிவு என்று சொல்பவருக்கு, பரிசோதகர் பார்க்க வேண்டாம் என்பதற்கு வேறு காரணமும் இருக்கலாம் அல்லவா?

மறுபடியும் போகாதிருக்க

புதிய பெட்டி வந்ததைத் திருடனும் அறிவான். எனவே இரும்புச் சட்டத்தாலான கூண்டு அமைத்து மேடையோடு பிணைப்பது வழக்கம். கூண்டு காற்றோட்டத்தை மறிக்கக் கூடாது. பக்கங்களிலும் மேற்புறத்திலும் எவ்வளவு இடைவெளி விட வேண்டுமென்பது பெட்டியோடு வரும் கைநூலில் இருக்கும். ஆள் நடமாட்டத்தை உணர்ந்து எரியும் விளக்கும், குழாயின் அமுக்கம் திடீரென வீழ்ந்தால் ஒலிக்கும் அலாரமும் உதவும். பெட்டியின் தொடர் இலக்கத்தை எழுதி வையுங்கள். பல மாநிலங்களில் இன்று பழைய உலோகக் கடைக்காரர் விற்பவரின் அடையாள அட்டையைப் பதிந்து வைக்க வேண்டும். தொடர் இலக்கம் இருந்தாற்றான் அந்தப் பதிவால் உங்களுக்குப் பயனுண்டு. இவை எல்லாவற்றையும் விடச் சிறந்த காவல், வீட்டில் ஆள் இருப்பதும், இல்லாத நாட்களில் கண் வைத்திருக்க நல்ல அயலவர் இருப்பதுமே.

இறுதியாக ஒரு வார்த்தை. பீனிக்ஸ் நகரில் ஜனவரி மாதப் பகல் 20 பாகை செல்சியஸ் அளவில் இதமாக இருக்கும். அந்நாட்களில் வீடு பார்க்கச் செல்பவருக்குக் குளிரூட்டி நினைவுக்கே வராது. வெளிப்பெட்டி இல்லாத வீடு விலை குறைந்து நிற்பதும், அது நல்ல வாய்ப்பாகத் தோன்றுவதும் அப்போதுதான். மே மாதத் தொடக்கத்திலேயே வெப்பம் 38 பாகையைத் தொட்டுவிடும். அதன் பிறகு நல்ல ஒப்பந்தக்காரர்களைப் பிடிப்பது கடினம், கிடைத்தாலும் பேரம் பேச முடியாது. ஆகவே மாரியில் வாங்குபவர் மாரியிலேயே மூன்று விலைமனுக்களைப் பெற்று, முழுச் செலவையும் வீட்டு விலையிற் கழித்துக் கேட்கட்டும். கழிக்க விற்பவர் இணங்காவிட்டால், குறைந்து தோன்றும் அந்த விலை உண்மையில் குறைந்ததல்ல. அப்படிப்பட்ட வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டைப் பார்க்கும்படி உங்கள் உறவினருக்குத் தயங்காமற் சொல்லுங்கள்.